எந்த ஆண்டு

எதியேனுக்கு முந்திரிகைத் தோட்டம் இருக்கிறதாம்
பொர்தோவுக்குக் கிழக்கே, ஒரு சரிவில்.
என் வானின் முன்சீற்றில் இருந்தபடி
மண் நிறம் மாறுமிடமெல்லாம் நிறுத்தச் சொன்னார்.
மாங்குளத்தில் கிரவல்.
ஒட்டுசுட்டானில் ஒரு பிடி அள்ளி முகர்ந்தார்.
முள்ளியவளை தாண்ட மணல்;
அதை நாக்கில் வைத்தும் பார்த்தார்.

"றோட்டுக்கரையோடை நிக்கச் சொல்லு,
பத்தைக்குள்ளை இறங்கவேண்டாம்" என்றேன் நிரோஜினியிடம்.
பாரிசில் பிறந்தவள்,
அந்த ஒரு வரியைப் பிரெஞ்சில் சொல்ல
நெடுநேரம் எடுத்தாள்.

சரிவு எங்கே என்று கேட்டார்.
இங்கே சரிவு கண்ணுக்குத் தெரியாது ஐயா,
மாரியில் குளம் வான்பாயும்போது
தண்ணீர் போய்க் காட்டும்.
சுற்றுலாக் கையேட்டில் எங்களுக்கு அரைப் பக்கம்.
அதிலும் பாதி, வேறெங்கோ எடுத்த மயில்.

அளம்பில் தவறணையில்
ஞானசீலன் பிளாஸ்ரிக் கோப்பையில் வார்த்தான்.
எதியேன் வெளிச்சத்துக்குப் பிடித்தார், சுழற்றினார்,
மிதந்த தேனீயை விரலால் கரைசேர்த்தார்,
உறிஞ்சி, கண்மூடி,
துப்பினார்.

ஒருவரும் பேசவில்லை.
"பழுதோ?" ஞானசீலன் எழும்பிவிட்டான்.
அது அவரின் தொழில் என்று
நிரோஜினி கெஞ்சாக்குறையாய் விளக்கினாள்.
இரண்டாம் கோப்பையை அவர் துப்பவில்லை.
மூன்றாவதில் கேட்டார்:
"எந்த ஆண்டு?"

ஆண்டு என்று யாரும் கேட்டால்
நாங்கள் முதலில் ஒருவரையொருவர் பார்ப்போம்.
பரஞ்சோதி மட்டும், இடுப்பில் பாளைக்கத்தியோடு,
மணிக்கூட்டைப் பார்த்தான்.
"காலமை ஆறரை.
பின்னேரம் புளிச்சுப்போம், நாளைக்கு வினாகிரி."

எதியேன் விழுந்து விழுந்து சிரித்தார்.
தன் நிலவறையில் ஆண்டுகள் வரிசையாய்ப் படுத்திருக்கின்றன என்றார்.
மழை கெடுத்த ஆண்டு, ஆலங்கட்டி அடித்த ஆண்டு.
எல்லாவற்றிலும் சிறந்தது என்று தொடங்கி ஏதோ சொல்ல,
நிரோஜினி மொழிபெயர்க்காமல் நின்றாள்.
அவள் மறந்துவிட்டாள் என்று நினைத்தாரோ,
மேசையில் சிந்திய கள்ளில் விரல் தொட்டு
எழுதிக் காட்டினார்:
2009.

வெயில் மதுரமான வெயில், என்றார்.
அவரில் பிழையில்லை.
அங்கேயும் அதே சூரியன்தான்.

ஞானசீலன் அடுத்த சாடியைக் கொண்டுவந்து
அந்த எண்ணுக்கு மேலே வைத்தான்.

திரும்பும்போது ஒரு போத்தல் வாங்கினார், ஊருக்குக் கொண்டுபோக.
நில்லாது என்று சொன்னேன், கேட்கவில்லை.
புளியங்குளத்தடியில் மூடி பறந்து
சீற், கூரை, அவர் தொப்பி எல்லாம் நுரை.

ஒரு கிழமையாய் வான் மணத்தது.
அடுத்து ஏறிய கனடாக்காரர் மூக்கைச் சுளித்து
இதென்ன மணம் என்றார்.
போன வியாழக்கிழமை, என்றேன்.