போணி

பத்துத்தூண் சந்தில்
மாடிப்படிக்கு அடியில் எங்கள் கடை.
பை, பெட்டி, குடை, ஜிப்,
எது பழுதானாலும் வரலாம்.
நிமிர்ந்து நிற்கத்தான் முடியாது.

அன்றைக்கு ஷட்டரே பாதிதான் ஏறியிருந்தது.
தெளித்த தண்ணீர் காயவில்லை.
குனிந்து எட்டிப் பார்த்தது
வெயிலில் சிவந்த ஒரு முகம்,
வயிறு பிளந்த முதுகுப்பையோடு.

இவர் ரன்னரை மாற்றி
மெழுகு தேய்த்து
நாலு தடவை இழுத்துப் பார்த்தார்.
அறுபது என்று விரலில் காட்டினேன்.
அவள் நீட்டியது ஐந்நூறு.
கல்லாவில் இருந்ததோ
கள்ளழகர் படமும் இரண்டு ஊக்கும்.

"சாயங்காலம் தரட்டுமே" என்றேன்.
"போணியைக் கடன் சொல்வார்களா?"
"அப்போ சும்மா அனுப்புங்கள்."
"அது அதைவிட மோசம்."

முக்காலியில் உட்கார்ந்து
எங்கள் வாயையே பார்த்திருந்தவள் கேட்டாள்,
இது தமிழா?
இல்லை, வீட்டுக்கு சௌராஷ்டிரம்,
வியாபாரத்துக்குத் தமிழ்.
சண்டைக்கு?
இவர் சிரித்துவிட்டார்,
போணி ஆகாத நேரத்தில்.

மூன்று பேருடைய ஆங்கிலத்தையும் சேர்த்தால்
ஒரு பஸ் டிக்கெட்டில் எழுதிவிடலாம்.
அதை வைத்துக்கொண்டு
போணி என்றால் என்னவென்று சொன்னோம்.

இனேஸ் என்று பெயர்.
பிராகாவில் அவள் அம்மாவுக்குப் பொத்தான் கடையாம்.
காலையில் முதலில் வருகிறவர்
விலையை மட்டும் கேட்டுவிட்டுப் போனால்
தெருமுனை திரும்பும் முன்னே
வாசலைக் கூட்டித் தள்ளிவிடுவாளாம்.
அதற்கு அங்கே பெயரில்லையாம்.
பெயரில்லாமலா இத்தனை வருஷம் செய்கிறாள் அந்த அம்மாள்?

நோட்டை எடுத்து
கோபுரம், மஹால் என்றிருந்ததற்குக் கீழே
போணி என்று எழுதிக்கொண்டாள்,
அதுவும் பார்க்கவேண்டிய ஓர் இடம்போல.
பிறகு பையின் அடியில் துழாவி
இரண்டு நிறத்தில் ஒரு நாணயம் தந்தாள்.
அவள் ஊர்க் காசு.
இவர் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்டார்.

அன்று மூன்று மணிவரை ஈ இல்லை.
அப்புறம் பள்ளிக்கூடப் பை பதினொன்று.
இவர், அந்தக் காசு என்றார்.
நான், ஜூன் மாதம் என்றேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில்
சரியாக அறுபதோடு வந்து நின்றாள்.
நாணயத்தைத் திருப்பி நீட்டினேன்.
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு
"போணி" என்றாள்,
தெரியாதவளுக்குச் சொல்வதுபோல, கண்டிப்பாக.

போன வாரம் அவசரத்தில்
டீ கொண்டுவந்த பையனிடம்
பத்து ரூபாய் என்று அதைக் கொடுத்துவிட்டேன்.
பாதிச் சந்து போனவன் திரும்பி வந்தான்.
"அக்கா, பத்து ரூபா காசையே
எங்க ஓனர் வாங்க மாட்டாரு.
இதுல மேப்பு வேற
ஏதோ தப்பா இருக்கு."