எழுத்துக்கு எட்டு சென்ட்

கல் செதுக்குகிறவர் செயிண்ட் ஜான்ஸிலிருந்து எழுதியிருந்தார்:
எழுத்துக்கு எட்டு சென்ட். முற்றுப்புள்ளிக்குக் காசில்லை.
கமிட்டி சிரித்தது.
தந்தி ஆபீஸில் சொல்லுக்குத்தான் காசு;
பெயர் எவ்வளவு நீண்டாலும் எனக்கு ஒரே கணக்கு.

பதினோரு பேர்.
பட்டியலை என்னிடம்தான் கேட்டார்கள்.
ஒவ்வொரு மரணத்தையும்
டக் டக் என்று முதலில் காதில் வாங்கியவள் நான்.
தாய்க்கு முன்னால், பாதிரிக்கு முன்னால்
தெரிந்துகொண்டு
கோட்டுப் பொத்தானை ஒவ்வொன்றாகப் போட்டவள்.

எங்கே நிறுத்துவது என்பதிலேயே ஒரு குளிர்காலம் போயிற்று.
ஸ்பில்லர்ஸ் ஹார்பரில் தொண்ணூறு வீடு, மூன்று சபை.
கத்தோலிக்கர் வாசலில் வைத்தால்
மெதடிஸ்ட் தொப்பியைக் கழற்றமாட்டான்.
ஆங்கிலிக்கன் மேட்டில் வைத்தால்
மற்ற இருவருக்கும் மூச்சு வாங்கும்.
கடைசியில் படகுத்துறை,
காட் மீன் காயும் பரணுக்குப் பக்கத்தில்.
எந்தச் சபைக்கும் சொந்தமில்லாத நாற்றம்.

முதல் பெயர்களை ஒற்றை எழுத்தாக்கினால்
செலவு மிச்சம் என்றார் செயலர் ஓபதயா ஸ்நூக்.
அசரியா பார்டி எழுந்தார். பேசிப் பழக்கமில்லாதவர்.
"எலியேசர் என்று கூப்பிட்டேன். ஈ என்று இல்லை.
மிச்ச எழுத்துக்கு என் மீனை எடுத்துக்கொள்ளுங்கள்."
மறுநாள் விடியலில்
செயலர் வீட்டு உத்திரத்தில், நாய்க்கு எட்டாத உயரத்தில்,
இரண்டு குவிண்டால் உப்புமீன் தொங்கியது.
அதன்பின் யார் பெயரையும் சுருக்கவில்லை.

அகரவரிசை என்று முடிவாயிற்று.
எனக்கு வேறு வரிசை உண்டு.
ஜூலைக் கடைசியில் ஒரே பகலில் நான்கு.
மூன்றாவது வீட்டுக்கு நடக்கும்போது
தெரு முழுக்க ஜன்னலோரம் நின்றது.
நான் தாண்டிப் போன வாசலுக்குள்
கரண்டிச் சத்தம் மறுபடி கேட்கும்.
இரண்டு வருடம் யாரும் என்னைத் தேநீருக்கு அழைக்கவில்லை.
நானும் அழைத்திருக்கமாட்டேன்.

பதிவேட்டில் ஒரு பொய் இருக்கிறது.
அக்டோபர் பதினெட்டு, பெற்ற நேரம் காலை ஏழு பத்து,
கீழே என் கையெழுத்து.
உண்மையில் முந்தின மாலை ஐந்தே முக்கால்.
அன்று கெசையா வோகி வீட்டில் மகளுக்குக் கல்யாணம்.
தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிப் போனேன்.
கொடுக்கத்தான் போனேன்.
அக்கார்டியன் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.
கெசையா என் இரு கையும் பற்றி
வட்டத்துக்குள் இழுத்துவிட்டாள்.
ஆடினேன்.
ரூபன் செத்து ஒன்பது நாளாயிற்று,
இன்னும் ஓர் இரவு பொறுப்பான் என்று நினைத்தேன்.
நினைத்தேனா, பயந்தேனா,
இன்றுவரை தீரவில்லை.

கல் ஜூனில் வந்தது,
பனிப்பாறைகள் வழிவிட மூன்று வாரம்
காத்துக் கிடந்த ஸ்கூனரில்.
துணியை விலக்கியதும்
மூன்று பாதிரிகளும் ஒன்றாக ஜெபம் தொடங்கி
ஒன்றாக நிறுத்திக்கொண்டார்கள்.
மீனவர்கள் இருமினார்கள்.

கூட்டம் கலைந்தபின் கெசையா வந்தாள்.
வோகி எல்லோருக்கும் அடியில், புல் உரசும் இடத்தில்.
குந்தி உட்கார்ந்து
ரூபனின் எழுத்துகளில் தங்கிய கல்தூளை
நகத்தால் எடுத்தாள், ஒன்றையும் விடாமல்.
பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்:
"அன்றைக்கு ஆடும்போது
உன் கை மீனாட்டம் சில்லென்றிருந்தது.
அப்போதே தெரியும்."

எழுந்திருக்க ஒரு கை வேண்டியிருந்தது அவளுக்கு.
என்னுடையதைப் பிடித்துக்கொண்டாள்.