கடைசித் தாள் இல்லாத கோச்சி

மட்டைப் புத்தகம். எட்டுத் தாள்.
முன்பள்ளி ரீச்சர் பழசு கழிக்கும்போது தந்தது.
எட்டாவதை எங்களுக்கு முன்னமே
ஏதோ ஒரு பிள்ளை சப்பித் தின்றுவிட்டது.
ஏழாம் தாளில் பாலத்தில் ஏறும் கோச்சி
எங்கே போய் நிற்கிறதென்று
ஒருவருக்கும் தெரியாது.

மாங்குளம் தாண்டி, காட்டு ஓரம்,
கடவையிலிருந்து பத்தடியில் தகரக் கொட்டில்.
ஒரு வாங்கு, இரண்டு கொடி, என் போன்,
மடியில் தக்சிகா, இரண்டரை வயது.
கோச்சி வராத நேரமெல்லாம்
கோச்சிப் புத்தகம்.

"இன்னொருக்கா."
சிவப்பு எஞ்சின் சிரிக்கிறது.
"இன்னொருக்கா."
நீலப் பெட்டியில் ஒரு கரடி, குடை பிடித்தபடி.
பெட்டிக்குள்ளே ஏன் குடை என்று
நானும் இருநூறு தரம் யோசித்துவிட்டேன்.
மூன்றாம் தாளில் வெள்ளையாய்க் கொட்டிக் கிடக்கிறது.
பனி என்றால் இந்த வெயிலில் யார் நம்புவது?
உப்பு என்றேன். ஆனையிறவு என்றேன்.
அன்றிலிருந்து கரடி
உப்பளத்தால்தான் போய்வருகிறது.

நாலாம் தாள் மலை, மலைக்குள் குகை.
பாதிக் கோச்சி உள்ளே, பாதி வெளியே.
"உள்ளுக்க என்ன?"

இவளைவிடக் கொஞ்சம் பெரியவளாய் நான் இருந்த நாளில்
தண்டவாளம் நிலத்தில் கிடக்கவில்லை,
தலைக்கு மேலே கிடந்தது.
பங்கருக்குள் மல்லாந்து படுத்தபடி
துருவேறிய அந்த இரும்பின்
துளைகளை எண்ணுவேன்.
அதற்கு மேல் சிலிப்பர் கட்டை, மண்மூட்டை,
அதற்கும் மேலே வானம்,
வானத்தில் சத்தம்.
இதில் ஒருகாலம் கோச்சி ஓடினது என்றார் அப்பா.
பயம் தெளியச் சொல்லும் கதை என்று நினைத்தேன்.

"உள்ளுக்க ஒண்டுமில்லைக் குஞ்சு.
கொஞ்ச நேரம் இருட்டு."
தாளைப் புரட்டினேன்.

ஐந்தில் கடவைக்காரர்.
மீசை, பித்தளைப் பொத்தான், தொப்பி.
எனக்கு ஒருவரும் தொப்பி தரவில்லை.
போன மாதச் சம்பளமும்தான்.
"அம்மா எங்க?" என்று தக்சி அந்தப் படத்தைக் குத்தினாள்.
நீலப் பேனையால் அவருக்கு
இடுப்புவரை ஒரு பின்னல் போட்டுவிட்டேன்.
மீசை அழியவில்லை. இருக்கட்டும்.

போன் அடித்தது. அடுத்த கடவை ஜீவராணி:
"வருகுதடி."
கம்பை இறக்கினேன்.
கம்புக்குக் கீழால் குனிந்து நுழையப் பார்த்த மோட்டார்சைக்கிள்காரனை
அவன் பரம்பரையோடு ஏசினேன்.
பிறகு அது வந்தது.
வாங்கு நடுங்கியது, தகரம் நடுங்கியது,
பாலைமரத்துக் குரங்குகள் வாயை மூடின.
யன்னல் யன்னலாக முகங்கள், ஒன்றும் பிடிபடவில்லை.
தக்சி புத்தகத்தை விரித்து
முகத்தை அதற்குள் புதைத்துக்கொண்டாள்.

"பார், கோச்சி!"
"இல்லை." ஏழாம் தாளைத் தட்டிக் காட்டினாள்.
"இதுதான் கோச்சி."
"அப்ப போனது?"
"சத்தம்."

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

பாலத்துக்கு அப்பால் நாளுக்கொரு இடத்தில் நிறுத்துவேன்:
முறிகண்டியில் கச்சான் வாங்க,
பரந்தனில் எஞ்சினுக்குத் தண்ணி குடுக்க.
இன்றைக்கு அவள் என்னை நிறுத்தினாள்.
"இஞ்ச நிக்குது."
"இஞ்ச ஏன் நிக்குது?"
"கரடிக்கு ஒண்டுக்கு வருது."

இந்தக் கடவையில் இதுவரை
ஒரு கோச்சியும் நின்றதில்லை.
சரி, இறங்கட்டும்.
குடையை வைத்துவிட்டுப்
பத்தைப் பக்கம் போய்வரட்டும்.
அதுவரை சிவப்புக் கொடியோடு
நான் நிற்கிறேன்.