வெள்ளை வயர்

எண்டெலும் நானும் பேசி இரண்டு வருடம்.
நடுவில் ஓடுவது ஒரு வாய்க்கால்;
யார் தண்ணீர் யார் நிலத்தில் இறங்குகிறது
என்று கர்ட்லா கோர்ட்டில் காகிதம் தடிக்கிறது.

ஆனால் கடா ஒன்றுதான்.
சண்டைக்கு முன்னால்
பாதிப் பாதி போட்டு வாங்கியது.

அக்டோபர் பாதியில் என் ஆடுகளை விட்டு
தீவின் மறுகோடி, கஸ்ஸாரிக் கடற்புல்லில் மேயும்
அவர் ஆடுகளிடம் அது போயாக வேண்டும்.
டிரெய்லர் அவருடையது.
இழுக்கும் பழைய வால்வோ என்னுடையது.

கடாவை ஏற்றியாயிற்று. ப்ளக்கைச் செருகியாயிற்று.
அவர் பின்னால் போய் நின்றார், கை மட்டும் பேசியது.
பிரேக் மிதித்தேன்:
இடது இண்டிகேட்டர் மங்கலாய் விழித்தது.
இண்டிகேட்டர் போட்டேன்:
எல்லா விளக்கும் சேர்ந்து அரை உயிராய்த் துடித்தன.

"கோளாறு உன் காரில்."
இரண்டு வருடத்தில் முதல் வாக்கியம்.
"உங்கள் டிரெய்லரில்," என்றேன்.
கடா பலகையை ஒரு முறை உதைத்தது.
யார் பக்கம் என்று தெரியவில்லை.

சாக்கெட்டின் மூடி சுருளுடைந்து
எந்தக் குளிர்காலத்திலோ தொங்கிப்போனது.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்;
பனிக்கு ரோட்டில் உப்பிட்டவர்களை
இங்கே செம்புதான் நினைத்துக்கொண்டிருந்தது,
பச்சை பச்சையாய்.

டெஸ்ட் லாம்பை ஒவ்வொரு பின்னாய்த் தொட்டேன்.
மஞ்சளுக்கு உயிர் இருந்தது. பச்சைக்கு இருந்தது. சிவப்புக்கும்.
மூன்றாவது, வெள்ளை வயர், எர்த்,
அதில் மட்டும் ஒன்றும் இல்லை.
போன மின்சாரம் திரும்ப வழியில்லாமல்
கிடைத்த பல்பில் எல்லாம் நுழைந்து பார்த்திருக்கிறது.
பிரேக் என்று சொல்ல வாயெடுத்து
இடது என்று உளறியிருக்கிறது.

எண்டெல் டார்ச்சைப் பிடித்தார்,
கேட்காமல்.
மூன்று போல்ட்டில் இரண்டு எண்ணெய்க்கு இரங்கின.
மூன்றாவது பட்டென்று கழுத்தொடிந்தது.
அவர் சிரித்தாரா என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வயரை உரித்தேன். உள்ளே கறுப்பு.
இன்னும் வெட்டினேன். கறுப்பு.
வெளியே வெள்ளைத் தோல் வழவழவென்றிருக்க
உள்ளே அத்தனை தூரம் ஏறியிருந்தது.
நாலு விரற்கடை தாண்டித்தான்
செம்பு செம்பாய் இருந்தது.
அதற்குள் வயர் சாக்கெட்டை எட்டவில்லை.

தன் கோட்டுப் பையைத் துழாவி
ஒரு முழத் துண்டு வயர் நீட்டினார்.
ஊதா நிறம்.
"நிறம் தப்பு," என்றேன்.
"நிறம் பார்த்தா ஓடுகிறது?" என்றார்.

ஒட்டுப்போட்டு, முறுக்கி, திருகி,
புது சாக்கெட்டின் ஏழு கண்ணிலும்
விரலால் கிரீஸ் வைத்தேன்.
களிம்பைச் சுரண்டிவிட்டுக் களிம்பு பூசுவது;
இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தவன்
கையில் இரண்டும் ஒட்டியிருந்திருக்க வேண்டும்.

மறுபடி அவர் பின்னால் போனார்.
நான் மிதித்தேன்.
ஈரப் புல் முழுக்கச் சிவப்பு.
கடாவின் மூச்சுகூடச் சிவப்பாய்ப் புகைந்தது.

"வலது வால் விளக்கு எரியவில்லை."
"அது பல்பு."
"பல்புதான்."
"உங்கள் பல்பு."
கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை.
பிறகு டிரெய்லருக்குக் கீழே ஸ்க்ரூடிரைவர் உரசும் சத்தம்,
ஏதோ ஒரு கெட்டவார்த்தை, அப்புறம் வெளிச்சம்.

கிளம்பினோம். அவர் பக்கத்து சீட்டில்.
ஹீட்டர் சத்தம் போதுமானதாக இருந்தது.
வாய்க்கால் பாலத்தில் இடது திரும்ப வேண்டும்;
பின்னால் யாரும் இல்லை, முன்னாலும் யாரும் இல்லை.
இருந்தும் இண்டிகேட்டர் போட்டேன்.
தண்ணீரில் மஞ்சள் விட்டு விட்டு விழுந்தது,
அவர் நிலத்துப் பக்கமா என் நிலத்துப் பக்கமா
என்று வியாழக்கிழமை கேட்பார்கள்.