இருபது படம்

இடமில்லை என்று நாலு மாதமாகப் போன் சொல்லிக்கொண்டிருந்தது.
பேட்டரி வயிறு வீங்கிப்
பின்மூடி எழும்பிய பிறகுதான்
பொகவந்தலாவையில் பஸ் ஏறி
மழையோடு ஹட்டனில் இறங்கினேன்.

ரிஸ்கான் கேபிளைச் செருகினான்.
"மூவாயிரத்துச் சொச்சம் இருக்கே அண்ணே. எல்லாமா?"

ஒரு படம் எழுபது ரூபா.
ஒரு நாள் பேருக்குப் பத்தொன்பது வரும்.
இருபதாவது வேண்டுமென்றால்
பஸ் காசில் கை வைக்க வேண்டும்.

தள்ளினான், தள்ளினான்.
கரண்ட் பில்.
அடையாள அட்டை முன்பக்கம், பின்பக்கம்.
குவைத்துப் பணத்துக்கு வந்த நம்பர் எழுதிய துண்டு.
யாரோ அனுப்பிய முருகன், காலை வணக்கத்தோடு, நாற்பது தடவை.
என் பெருவிரல்.
பதினெட்டில் முள் நின்ற தராசு,
அடுத்ததில் பதினாறு என்று எழுதிய சிட்டை.
யோகமலர் போவதற்கு முதல் வாரம்
சண்டை பிடிக்கவென்று எடுத்தது.
பிடிக்கவில்லை.

பிறகு பிள்ளைகள் வந்தார்கள்.
டிலுக்ஷி, முதலாம் வகுப்பு, பெரிய சப்பாத்து.
கிஷாந்தன், பல் விழுந்த வாயோடு
ஒரு லீக்ஸைத் துவக்குப் போலத் தோளில் வைத்து.
எல்லாப் படத்திலும் ஓர் ஆள் குறைவு:
போனைப் பிடித்திருந்தவர்.
அவள் போன பிறகு, இரண்டு.

"குடும்பமா ஒண்ணும் இல்லையா?"

இருந்தது.
போன தீபாவளி, இரவு ஒன்பது நாற்பத்தொன்று.
திரை முழுக்க அவள்,
கட்டம் கட்டமாக உடைந்த முகம்,
பின்னால் யாருடையதோ பெரிய ஃப்ரிஜ்.
மூலையில், முத்திரை அளவில்,
நான், டிலுக்ஷி, கிஷாந்தனின் ஒரு காது.

"உங்கட கட்டத்தைப் பெருசாக்கிப் பக்கத்தில ஒட்டி,
பின்னால ஒரு பூந்தோட்டம் போட்டுத் தரவா?"
வேண்டாம்.
"மணியையும் பேட்டரியையுமாவது அழிக்கவா?"
மணி இருக்கட்டும்.
அங்கே அப்போது ஏழு பதினொன்று,
எஜமானி கூப்பிடாத நேரம்.
பேட்டரி நாலு வீதம், அதுவும் இருக்கட்டும்,
அதனால்தான் இவ்வளவு அவசரமாகச் சிரிக்கிறோம்.

அந்தச் சிவப்புப் பொத்தானை மட்டும் எடுத்துவிடு தம்பி.

மெஷின் முதலில் அவளை மஞ்சளாகத் துப்பியது,
காமாலை கண்டவள் மாதிரி.
உள்ளே இழுத்துக்கொண்டது.
சிவப்போடு வந்தாள், உதடு தெரிந்தது.
திரும்ப இழுத்தது.
நீலம் ஏறியதும் கண்கள் கறுத்தன.
நாலாம் தடவை ஒன்றும் மாறவில்லை,
ஒரு மினுக்கம் மட்டும்.
"இனித் தண்ணி பட்டாலும் போகாது" என்றான்.
நோர்வூட்டுக்கு மேல் நடந்துதான் வந்தேன்,
சட்டைக்குள் உறையை வைத்துக்கொண்டு.

உனக்கும் ஒன்று அனுப்பவா, என்று கேட்டேன் அன்றிரவு.
அனுப்பாதே, ஒட்டுவதற்குச் சுவரில்லை, என்றாள்.
இங்கே மட்டும் என்ன.
சுவர் கம்பனியுடையது,
ஈரத்தில் ஆணி நிற்பதில்லை.
மா டின்னில் சாய்த்து வைத்தோம்.
மற்றப் பத்தொன்பதும் இன்னும் உறையில்.

பொத்தானை வழித்த இடத்தில்
அவள் கை கொஞ்சம் கரைந்திருக்கிறது.
கிஷாந்தன் கிட்ட வந்து பார்த்தான்.
தினமும் அவள் போய்விடுகிற இடம்
அவனுக்குத் தெரியும்.
சரியாக அங்கே விரல் வைத்து
அழுத்திப் பார்த்தான்.

அவள் போகவில்லை.