மூன்றாம் ஓலை

புனித வில்ஃப்ரிட் ஆலயம் இருந்த இடத்தில்
இப்போது டயர் விற்கிறார்கள்.
பேருந்து நிறுத்தத்துக்கு மட்டும்
இன்னும் 'ஆலயம்' என்றே பெயர்.
அப்படியே சொல்லிச் சீட்டு வாங்கி
டயர்களின் முன்னால் இறங்குகிறோம்.

கட்டியவர் கம்பளி ஆலை முதலாளி ஜெபெஸ் ஹெப்வர்த்.
கூலியைக் குறைத்த அதே வருஷம்
கோபுரத்தை இருபதடி கூட்டினார்.
மெதடிஸ்ட் கூரையைவிட உயரம் வேண்டும்,
ஒப்பந்தத்தின் ஏழாம் சரத்து.
அடியில் நிலக்கரி தோண்டிய பொந்து கிடந்தது
எந்தச் சரத்திலும் இல்லை.

விரிசல் முதலில் ஞானஸ்நானத் தொட்டி அருகே.
குறுக்கே கண்ணாடித் துண்டொன்றைச் சாந்தில் பதித்து
தேதி எழுதிவைப்பார் கோயில்குட்டி ஏமஸ்.
கண்ணாடி உடைந்தால் சுவர் நகர்ந்திருக்கிறது.
எட்டுக் கண்ணாடி உடைந்தன.
பாடகர் குழுப் பையன்கள்
மிட்டாய்க் காகிதம் திணித்து அடைத்தார்கள்.

ஐம்பத்தாறு, பிப்ரவரி.
முதல் ஞாயிறு ஓலை வாசித்தார் பாதிரியார்:
இந்தத் திருச்சபையின் கிளெம் ஓல்ட்ராய்டுக்கும்
இந்தத் திருச்சபையின் ஹில்டா தாக்ரேக்கும்.
தடை அறிந்தவர் சொல்லலாம்.
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
இரண்டாம் ஞாயிறு, அதே கேள்விக்கு,
கூரையிலிருந்து ஒரு பிடி காரை உதிர்ந்தது.
சிரித்தார்களாம்.
மூன்றாம் ஞாயிறு கதவில் பூட்டு,
பேராயரின் அறிவிப்பு, மழையில் ஊறி.

பக்கத்துச் சபையில் வாசிக்கலாம் என்றார்கள்.
ஒரு மைல்தான்.
ஹில்டா மாட்டேன் என்றாள். காரணம் சொல்லவில்லை.
கிளெம் இரண்டு வாரம் பார்த்தான்,
பிறகு கார்பி உருக்காலைக்கு ரயிலேறினான்.

கோபுரம் லேசில் விழவில்லை.
முதல் இழுப்பில் இரும்புவடம் அறுந்தது.
இரண்டாவதில் புறாக்கள் மட்டும் கிளம்பின.
மீன்கடை வரிசையில் நின்று
எண்ணெய்த் தாளில் சிப்ஸ் தின்றபடி
ஹில்டா பார்த்துக்கொண்டிருந்தாள்.
மூன்றாவதில் விழுந்தது.
தூசி அடங்கியதும்
இழுவை வண்டியிலிருந்து இறங்கி வந்தவன்
உப்பு இருக்கிறதா என்று கேட்டான்.
பார்ன்ஸ்லிக்காரன். லென் ஃபர்த்.
பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணம்,
ஓலை கிடையாது.

என் பெயரும் ஃபர்த்தான்.

போன மாதம் வேக்ஃபீல்டு காப்பகத்தில்
அந்தப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினேன்.
மூன்று கட்டம், மூன்று தேதிக்கு.
இரண்டில் மை. மூன்றாவது வெறுமை.
பேனா கூடாது, பென்சில் மட்டும்தான் என்றாள்
மேசைக்காரப் பெண்.
எழுத ஒன்றுமில்லை என்றேன்.
திரும்பும் பேருந்தில்
'ஆலயம்' என்று சீட்டு எடுத்தேன்.
முன்சக்கரம் இரண்டும்
ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தேன்.