முதலில் விட்ட மீன்

கட்டைவிரல் நீளம்கூட இல்லை.
நீலம். வால் மட்டும் மஞ்சள்.
டாம்சல் என்று பில்லில் இருந்தது.
நாங்கள் வைத்த பெயர் வட்டிக்காரன்.

முனிச்சாலையில் கடல் என்றால்
கேன் தண்ணீரில் கலக்கிய உப்பு,
அதை அளக்க ஒரு மீட்டர்.
முள் தாண்டினால் டாக்டர் துளசிராமுக்குத் தலைவலி.
அவருக்குத் தலைவலி என்றால் எனக்கு.

கோமாளி மீன் ஜோடி
மூன்று வாரமாய் பம்புக்குப் பின்னால்.
புதிதாக வந்த மஞ்சள் மீனுக்குத் துடுப்பு நார்நாராக.
இறால் சட்டை உரித்த அன்றைக்கே அதன் கதையை முடித்தான்.
பவளத்தை நகர்த்தப் போனால் என் கையையும் கடிப்பான்,
பல்லே தெரியாத வாயால்.

"பாண்டீஸ்வரி, இந்த வாரம் அவனைத் தூக்கிரணும்"
என்றார் டாக்டர்,
யாருக்கோ கடைவாயில் ஊசி போட்டபடி.

வலை தண்ணீரில் நுழையும் முன்பே
அவன் பாறைக்குள் நுழைந்திருந்தான்.

டோக்கனோடு உட்கார்ந்திருந்த எல்லோரும் நிபுணர்கள்.
கன்னம் வீங்கி வாய் திறக்க முடியாத ஒருவர்
காற்றில் தூண்டில் வரைந்து காட்டினார்.
கண்மாயில் அயிரை அள்ளிய கதையை ஒரு அம்மா
தன் முறை தாண்டிப் போனபிறகும் சொல்லிக்கொண்டிருந்தார்.
கம்பி போட வந்த ஃபாரிஸ் சொன்னான்:
"வாட்டர் பாட்டிலை வெட்டுங்கக்கா."

வெட்டி, கழுத்தைத் தலைகீழாகச் செருகி,
உள்ளே ஒரு துண்டு இறால்.
கோமாளிகள் இரண்டும் சமர்த்தாகப் போய் மாட்டிக்கொண்டன.
அவன் வெளியே நின்று
பாட்டிலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

மூன்றாம் நாள்
வாய்க்குள் விட்டுப் பார்க்கிற சின்னக் கண்ணாடி,
பழையது, இனி யார் வாய்க்கும் ஆகாதது,
அதைப் பாறைக்குப் பின்னால் விட்டேன்.
இருந்தான்.
இன்னொருத்தன் வந்துவிட்டதாக நினைத்து
கண்ணாடியைக் கொத்தினான்.
டக்.
கைப்பிடி வழியாக அது என் விரலுக்கு வந்தது.
நரம்பைத் தொட்டால் நாற்காலியில் துள்ளுவார்களே,
அப்படித் துள்ளியது என் கை.

சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது.
போன சித்திரையில் இந்தத் தொட்டி
வெறும் பாறையும் நாற்றமும்.
"தண்ணி பழுக்கணும், அதுவரைக்கும் எதுவும் தாங்காது,
செத்தாலும் நட்டமில்லாத ஒண்ண விடுங்க"
என்றார் கீழவாசல் கடைக்காரர்.
நூற்றிருபது ரூபாய்.
ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தவள் நான்.
ஆறு வாரம்
எரிகிற தண்ணீரில் தனியாக
செவுள் சிவக்க மூச்சு வாங்கினான்.
இன்றைக்குச் செத்திருப்பான் என்று
தினம் காலையில் வலையோடு போய் நின்றவளும் நான்.
இதே பச்சை வலை.

இது என் இடம் என்று இப்போது அவன் நினைத்தால்
இல்லை என்று காட்ட
யாரிடம் பத்திரம் இருக்கிறது?

வெள்ளிக்கிழமை, கடைசி டோக்கன் போனபிறகு
விளக்கை அணைத்தோம்.
டாக்டர் செல்போன் வெளிச்சம் பிடித்தார்.
தூக்கத்தில் நீலம் வெளிறி, சாம்பலாய்,
தன் ஓட்டையில் சாய்ந்திருந்தான்.
வலையைக் கீழே வைத்தேன்.
பாறையையே தூக்கினேன்,
வீட்டோடு.

ஓட்டை ஓட்டையாய் உப்புத் தண்ணீர் ஒழுகியது
என் சுடிதாரில், பில் புத்தகத்தில், டாக்டர் செருப்பில்.
அவன் மட்டும் விழவில்லை.
முதுகுமுள்ளை விரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டான்.
எட்டு எண்ணினேன்.
ஒன்பதில் விழுந்தான் பக்கெட்டில்,
வாய் கொப்பளித்துத் துப்புகிற சத்தத்தோடு.

கோமாளிகள் மறுநாள் மதியம்தான் வெளியே வந்தன.
அழகா இருக்கே என்றார்கள் எல்லோரும்.
மஞ்சள் மீன் அவன் ஓட்டைவரை போய்
உள்ளே நுழையாமல் திரும்பியது.

கடைக்காரர் போனில் சிரித்தார்.
"இதையெல்லாம் யாருங்க திருப்பி எடுப்பா?
புதுத் தொட்டி வைக்கிறவங்க வந்தா சொல்றேன்.
தண்ணி பழுக்கப் போடுவாங்க."

வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

எக்ஸ்ரே அறையில் இருக்கிறது பக்கெட்,
ஒரு கல், ஒரு சின்ன பம்போடு.
படம் எடுக்க வருகிறவர்களிடம் சொல்கிறேன்:
தலையை ஆட்டாதீங்க, காலை நீட்டாதீங்க.
இறாலோடு கையை விட்டால்
முதலில்
கையைத்தான் கடிக்கிறான்.